மிச்சம் இல்லை

ஜூன் 3, திங்கள்

முப்பத்தொரு ஆண்டுகள் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தேன். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. எதையும் எழுதி வைக்காமல் எனக்குச் செய்யத் தெரியாது. எழுதி வைத்தால் செய்துவிடுவேனா என்பதிலும் சந்தேகம்தான். இருந்தாலும் இந்த நோட்டைத் தொடங்குகிறேன்.

காரணம், வலது கால் பெருவிரலின் அடியில் உள்ள புண். ஆறு வாரமாக ஆறவில்லை. இன்று காலை டாக்டர் ஜெபா கட்டைப் பிரித்துப் பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4 என்றார். அவருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. என்னைக் கண்டிக்கும்போது மட்டும் வயது கூடிவிடுகிறது.

"மாத்திரை அது பாட்டுக்கு வேலை செய்யும் சார். தட்டு மாறலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்பு, பயறு, கால் தட்டு சோறு. மூணு மாசம் பார்ப்போம். புண் ஆறணும். ஆறலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து எனக்குத் தெரியும். அண்ணன் சண்முகவேலுக்கும் ஒரு விரலில்தான் தொடங்கியது. பிறகு பாதம். பிறகு முழங்கால் வரை. ஒவ்வொரு விருந்திலும் அவர் "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டேதான் சாப்பிட்டார். நான் பக்கத்து இலை.

இந்த நோட்டில் எழுதப்போவது:

1. தினமும் எவ்வளவு சாப்பிட்டேன், எடையோடு.
2. யார் மேலும் போட்டார்கள், நான் எப்படித் தடுத்தேன், அல்லது தடுக்கவில்லை.
3. புண்ணின் அளவு, மில்லிமீட்டரில்.
4. ஆவணியில் வரும் தங்கை மகன் கல்யாணத்தில் என்ன செய்தேன்.
5. என்னால் உணவு வீணாகக் கூடாது. ஆகவே இரவில் பானையைத் திறந்து பார்த்து, மிச்சம் இருந்தால் அதையும் குறிப்பேன்.
6. இது என் தட்டைப் பற்றிய நோட்டு. என் மனைவி ஆவுடையம்மாளுக்கு இதில் எந்தத் தொந்தரவும் இல்லை. அவள் வழக்கப்படி சமைப்பாள், வழக்கப்படி சாப்பிடுவாள். அவளைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

ஜூன் 4, செவ்வாய்

பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு மின்தராசு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் பழைய பித்தளை எடைக்கற்களை வைத்துச் சோதித்தேன். இருநூறு கிராமுக்கு ஒரு கிராம் கூடக் காட்டுகிறது. பாதகமில்லை.

பிறகு வழக்கமாக நான் சாப்பிடுகிற மத்தியானச் சோற்றைத் தட்டில் போடச் சொல்லி எடை பார்த்தேன். 420 கிராம். டாக்டர் சொன்ன கணக்குக்கு 150. ஆவுடை கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"தங்கம் எடை போடுதீயளோ?"

"சோறுதான்."

"சோத்தை எடை போட்டா வீட்டுல தங்குமா?"

270 கிராமைத் திரும்பப் பானையில் கொட்டினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் கொட்டினேன்.

இரவு இரண்டு தோசை. (வழக்கம் நான்கு.) பானை: மிச்சம் இல்லை.

ஜூன் 5, புதன்

மூன்று முறை 'போதும்' என்றேன். 310 கிராம்.

ஜூன் 9, ஞாயிறு

இந்த வாரம் முழுவதும் 'போதும்' என்ற சொல்லை ஆராய்ந்தேன். அகராதியில் அதற்கு ஒரு பொருள். பந்தியில் வேறு பொருள். நம் பக்கத்தில் ஒருவர் 'போதும்' என்றால் 'இன்னும் ஒரு கரண்டி போடலாம், நான் மறுத்ததாகவும் இருக்கும்' என்று அர்த்தம். இரண்டாவது 'போதும்' என்றால் 'நீங்கள் நல்ல மனிதர்' என்று அர்த்தம். நிஜமாகவே போதும் என்பவனுக்குத் தமிழில் சொல் கிடையாது. அவன் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும். இன்று நீட்டினேன். சாம்பார் கையில் விழுந்தது.

"குறுக்கே கையை வச்சா நான் எங்க ஊத்த?" என்றாள் ஆவுடை. தப்பு என்னுடையது என்றுதான் எனக்கும் பட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

வேலையில் இருந்தபோதும் இப்படித்தான். எடை குறைகிறது என்று ஒரு கடைக்காரரிடம் சொல்வதற்கு முன் "தப்பா நினைக்கப்படாது" என்று தொடங்குவேன். அதற்குள் அவர் கல்லை மாற்றியிருப்பார்.

ஆனால் இது என் கால். நாளை முதல் சோற்றை நானே எடை போட்டு எடுத்துக்கொண்டு, தட்டோடு முன்கூடத்துக்குப் போய்விடுவேன். கரண்டிக்கு எட்டாத தூரம்.

புண்: 11 மி.மீ. பானை: மிச்சம் இல்லை.

ஜூன் 10, திங்கள்

150 கிராம். முன்கூடம். கரண்டி சமையலறை வாசல் வரை வந்து நின்றது. திரும்பிப் போனது.

ஜூன் 17, திங்கள்

ஒரு வாரம் தவறவில்லை. முதலில் காய், பிறகு பயறு, கடைசியில் சோறு. கொத்தவரங்காய், அவரைக்காய், கீரை. காயை 250 கிராம் வரை சாப்பிடுகிறேன். பசி இல்லை என்று எழுத ஆசை. மாலை நாலு மணிக்குப் பசிக்கிறது. அப்போது ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை.

"காயைக் கறியா வச்சா சோறாத் திங்குதீய. சோத்தை வச்சா ஊறுகாயாத் தொடுதீய. இது எந்த ஊர்ச் சாப்பாடோ" என்றாள் ஆவுடை.

அரிசியை அவள் வழக்கம்போல் இரண்டு ஆழாக்குதான் உலையில் போடுகிறாள். கவனித்தேன். அது அவள் இலாகா. இருந்தும் ஒருநாள்கூட மிச்சம் இல்லை. சிக்கனமான கை. என் கொள்கையால் ஒரு பருக்கையும் வீணாகவில்லை என்பதில் எனக்கு ஓரளவு நிம்மதி.

ஜூன் 24, திங்கள்

காலையில் நானும் ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலரும் மைதானத்தில் நாலு சுற்று நடப்போம். பிறகு நேராக டீக்கடை, ஆளுக்கு இரண்டு உளுந்த வடை. பதினான்கு ஆண்டுப் பழக்கம். நடந்த கணக்கை வடை நேர் செய்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

இன்று நான் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தேன். அவித்த பச்சைப்பயறு. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற சொக்கலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன வே இது, குருவிக்கு வைக்குததா?"

"எனக்குத்தான்."

"பிரமநாயகம் பிள்ளைவாள், எழுபத்துநாலு வயசாச்சு. இனிமே உடம்பைத் தேத்தி எந்தப் படையில சேரப் போறீரு?"

பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். வழக்கமாக நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். வடையையும் தின்றிருப்பேன். இன்று ஒவ்வொரு பயறாக எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி, மெதுவாக மென்றேன். அப்படிச் செய்ய எட்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளுக்குள் பயம்தான். ஆனால் வடை தின்னவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

மின்கட்டண அலுவலக வரிசையில் தலை சுற்றி வியர்த்தது. டாக்டர் ஜெபாவிடம் போனேன். சர்க்கரை தாழ்ந்திருக்கிறது என்றார். "சோறு குறைஞ்சிருக்கு, பழைய மாத்திரை அப்படியே ஓடுது. என்கிட்ட முதல்லயே வந்திருக்கணும்" என்று கண்டித்துவிட்டு மாத்திரையைப் பாதியாக்கினார்.

சோற்றைக் கூட்டச் சொல்லிவிடுவாரோ என்று பயந்திருந்தேன். குறைந்தது மாத்திரை.

ஜூலை 16, செவ்வாய்

புண்: 7 மி.மீ. இரண்டு முறை அளந்தேன். எனக்குச் சாதகமாக அளக்கிறேனோ என்று சந்தேகம் வந்து மூன்றாவது முறையும் அளந்தேன். 7.

வீட்டு விஷயங்கள்: தண்ணீர்க் கேன் நாலு நாள் வந்தது இப்போது இரண்டரை நாள்தான் வருகிறது. ஆடி பிறக்கப்போகிறது, வெயில் இன்னும் தணியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஆவுடைக்குத் தப்பான பவர் கொடுத்திருக்கிறார். போன மாதம் வாங்கிய கண்ணாடி, இப்போதே எழுத்து மங்குகிறது என்கிறாள். நான் போய் நியாயம் கேட்டேன். "தப்பா நினைக்கப்படாது" என்று தொடங்காமல் கேட்டேன். அவர் மறுபடி சோதித்துத் தருவதாகச் சொன்னார்.

கோயிலுக்குப் போகும்போது பாதி வழியில் கல்மேடையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க நடந்து நடந்து குதிரை ஆயிட்டீய. உங்க வேகத்துக்கு என்னால முடியுமா?" என்றாள். உண்மைதான். என் நடை முன்னேறியிருக்கிறது.

பானை: மிச்சம் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் படையல். வடையும் பாயசமும் முன்னோர் பெயரைச் சொல்லிச் செய்யப்படும். தின்பது நாம். இந்த ஏற்பாட்டை நான் இதுவரை கேள்வி கேட்டதில்லை. இன்று கேட்டேன். வாய்விட்டு அல்ல. அரை வடை, பாயசம் ஒரு ஸ்பூன்.

அண்ணன் படத்துக்கு முன் நிற்கும்போது ஒன்று தோன்றியது. அவர் காலைப் பறிகொடுத்த பிறகும் அவருக்குப் பெரிய இலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மத்தியானம் ஆவுடையிடம் சொன்னேன்: "எனக்கு 150 கிராம்தானே. அரிசியைக் குறைத்துப் போட்டால் என்ன? ஒரு ஆழாக்கு போதாதா?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"ஒத்தை ஆழாக்கு உலை வைக்கப்படாது."

"யார் சொன்னது?"

"உங்க அம்மைதான். நான் வந்த மூணாம் நாளே சொல்லிட்டாக. ஒத்தையா அளந்து போட்டா ஒத்தை ஆள் வீடாப் போயிருமாம்."

அம்மாவின் படம் அங்கேதான் இருந்தது. உயிரோடு இருந்தபோதே நான் எதிர்த்துப் பேசியதில்லை. சரி என்று வந்துவிட்டேன். அது என் தட்டு அல்ல.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தங்கை உலகம்மாள் பட்டுவேட்டியோடு வந்தாள். அவள் மகன் கணபதிராமனுக்கு வியாழக்கிழமை கல்யாணம். மறுநாள் பெண்வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதி. தேங்காய்ப்பாலில் காய்களைப் போட்டுக் காய்ச்சி, இஞ்சித் துவையலோடு. நிறுத்தத் தெரிந்தவன் திருநெல்வேலியில் பிறந்திருக்க மாட்டான்.

"அண்ணாச்சி, தாய்மாமன் நீங்கதான் முதல் எலை. அங்க வந்து தராசை எடுத்து வைக்கப்படாது, சொல்லிட்டேன்."

"தராசு கொண்டு வர மாட்டேன்."

"மொகத்தையும் அப்படி வைக்கப்படாது. ஒரு நாள் தின்னா ஒண்ணும் ஆகாது."

அண்ணனும் இதையேதான் சொல்வார். தங்கையிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

புண்: 3 மி.மீ.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் நான் கோபக்காரன் என்று ஆகிவிடும். ஏற்கெனவே ஆகிவிட்டது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் என்பதால் முதல் பந்தியில் முதல் இலை. என் பக்கத்தில் கணபதிராமனின் சித்தப்பாக்கள் இருவர். எதிர் வரிசையில் பெண்வீட்டார். நான் முறைப்படி காயில் தொடங்கினேன். கூட்டு, பொரியல், பச்சடி. பிறகு ஒரு கரண்டி சோறு, அதன் மேல் சொதி. சொதி அருமை. இதை நோட்டில் மறைக்க விரும்பவில்லை.

ஒரு கரண்டியோடு முடித்துவிட்டேன். பரிமாறுகிறவர் சோற்றுக் கூடையோடு வந்தார்.

"போதும்" என்றேன்.

"ஐயா, தாய்மாமன் இப்படிச் சொல்லலாமா" என்று ஒரு கரண்டி வைத்தார்.

"போதும்பா, நிசமாவே."

இன்னொரு கரண்டி. பின்னால் சொதி வாளி வந்துகொண்டிருந்தது. கையைக் குறுக்கே வைத்தேன். "கை சுட்டிரும், எடுங்க ஐயா" என்று, என் விரலிடுக்கு வழியாகக் குறி பார்த்தார்.

அப்போது எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இலையை மடித்தேன். சோறு உள்ளே இருக்கும்போதே. பாயசம் வருவதற்கு முன்பே. என் பக்கமாகத்தான் மடித்தேன், முறை தெரியாதவன் அல்ல.

பந்தி நின்றுவிட்டது. சித்தப்பாக்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காரணம் கேட்காமல் அவர்களும் இலையை மூடினார்கள். பிறகு வரிசையாக ஐந்து இலை மூடியது. சொதி வாளிக்காரர் அப்படியே சிலையானார். யாரோ உள்ளே ஓடினார்கள்.

பெண்ணின் அப்பா முத்துக்குமாரசாமி, அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தார். நல்ல மனிதர். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, என்ன குறைன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டுப் பாதிச் சாப்பாட்டுல எலையை மூடுனா எம்பொண்ணுக்கு நல்லதா?"

"குறை ஒண்ணும் இல்லை. போதும்."

"போதும்னு சொல்லுத அளவுக்கு நாங்க என்ன செஞ்சுட்டோம்?"

எழுபத்துநான்கு ஆண்டுகளில் முதல்முறையாக நான் சொன்ன 'போதும்' ஒருவர் காதில் விழுந்திருக்கிறது. அதுவும் தப்பாக.

பயமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டு இலையைத் திறந்துவிடலாம் என்று கை போனது. திறந்தால் அந்த இரண்டு கரண்டியையும் தின்ன வேண்டும், பிறகு பாயசம். நான் திறக்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, கட்டுப் போட்ட விரலை அவரிடம் காட்டினேன். பந்திக்கே காட்டினேன் என்றும் சொல்லலாம்.

"எங்க அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தாச்சு. அப்புறம் ஒரு வருஷம்தான் இருந்தாரு. எனக்கு இது இப்பதான் ஆறிக்கிட்டு வருது. உங்க சொதி ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் மூடுனேன்."

முத்துக்குமாரசாமி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் அஞ்சு வருஷமாச் சக்கரைதான் அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொன்னார். சித்தப்பாக்களில் மூத்தவர் தம் இலையைப் பிரித்து, சோற்றை ஒதுக்கிவிட்டுக் காயை மட்டும் கேட்டார். இளையவர் முழுச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். பந்தி மறுபடி ஓடியது.

உலகம்மாள் வாசல்வரை வந்தாள். "பந்தியில காலைத் தூக்கிக் காட்டுன தாய்மாமன் நம்ம வீட்டுலதான் உண்டு. மானம் போச்சு."

"மானம் போகட்டும். கால் இருக்கு" என்றேன். நானா சொன்னேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை. எழுதி வைக்கிறேன்.

ஆட்டோவில் ஆவுடை பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். பிறகு சொன்னாள்: "உங்க பங்குப் பாயசத்தையும் சேத்து நான் வாங்கிக் குடிச்சேன். அவுக மனசு கோணப்படாதுல்லா."

எவ்வளவு பொறுப்பானவள். நான் உடைப்பதையெல்லாம் பின்னால் வந்து ஒட்டவைக்கிறாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

முத்துக்குமாரசாமி வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறையச் சொதி வந்தது. அரைக் கரண்டி எடுத்துக்கொண்டேன். இரவு பார்த்தேன். வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. மிச்சம் இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

சராசரி 7.1. புண் மூடிவிட்டது. டாக்டர் ஜெபா என் விரலைத் தடவிப் பார்த்து, "சபாஷ் சார்" என்றார். இந்தப் பக்கத்தை இப்படித் தொடங்கத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன்.

ஆவுடையும் உடன் வந்திருந்தாள். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து குடித்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். டாக்டர் என்னோடு பேசியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தீங்க?"

"எனக்கு என்ன? எனக்கு ஒண்ணும் கிடையாது. இவுகளுக்குத்தான்."

விரல் நுனியில் ஒரு துளி. கருவி 342 காட்டியது. டாக்டர் புதுச் சோதனைப் பட்டையில் இன்னொரு துளி எடுத்தார். 339.

"வீட்ல சாப்பாடு எப்படிம்மா?"

"எனக்குன்னு தனியா என்ன? இவுக கழிச்சுட்டுப் போறதுதான். மத்தியானம் கொஞ்சம், ராத்திரி மோரு ஊத்திக் கொஞ்சம். தோசை ரெண்டு மிஞ்சும், அதையும்."

"மிஞ்சினா வைச்சிடலாமே."

ஆவுடை என்னைப் பார்த்துச் சிரித்தாள். குற்றம் சொல்கிற சிரிப்பு இல்லை.

"ராத்திரி வந்து பானையைத் திறந்து பாப்பாக டாக்டரம்மா. மிச்சம் இருந்தா நோட்டுல எழுதிருவாக. பாவம், அவுக எழுதும்படி வைப்பானேன்னுதான்."

டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதினார், முழுப் பரிசோதனைக்கும் எழுதினார். பயப்பட வேண்டாம், இப்போதாவது தெரிந்ததே என்றார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நோட்டை முதலிலிருந்து படித்தேன். தண்ணீர்க் கேன். கண்ணாடி. கல்மேடை. பாயசம். எல்லாம் என் கையெழுத்தில், தெளிவாக இருக்கின்றன. ஜூன் நாலு முதல் நேற்றுவரை தொண்ணூற்று நாலு நாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் கழித்தால் தொண்ணூற்று இரண்டு. நான் கழித்தது நாளுக்கு 270 கிராம். மொத்தம் 24 கிலோ 840 கிராம் சோறு. முதல் வாரம் நான் தவறியதைக் கழித்தாலும் கணக்கில் பெரிய மாற்றமில்லை. அது எங்கும் போகவில்லை. என் தட்டிலிருந்து இறங்கி அவள் தட்டில் ஏறியிருக்கிறது.

தராசைச் சோதிக்கும் விதி, புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தது: கல்லை வைப்பதற்கு முன் இரண்டு தட்டையும் பார்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. ஆவுடை இருபத்தொரு கொழுக்கட்டை பிடித்துவிட்டாள். பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒன்று. மீதிப் பத்தொன்பதையும் டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சொக்கலிங்கத்தின் மடியில் வைத்தேன்.

"என்ன வே, எங்களைக் கொல்லப் பாக்கீரா?"

"ஆளுக்கு ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லும். நான் வற்புறுத்த மாட்டேன்."

அவர் ஒன்றோடு நிறுத்திவிட்டார். எனக்கும் அவருக்கும் ஆச்சரியம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை பதினோரு மணிக்குச் சமையலறைக்குப் போனேன். ஆவுடை ஆழாக்கை அரிசியில் முக்கி எடுத்து உலையில் போட்டாள். இரண்டாவதுக்குக் கை போனபோது அந்தக் கையைப் பிடித்தேன். நாற்பத்தாறு ஆண்டில் சமையலறையில் நான் அவள் கையைப் பிடித்தது இதுவே முதல் தடவை. இருவருக்கும் கூச்சமாகிவிட்டது.

"ஒரு ஆழாக்கு போதும்."

"ஒத்தை ஆழாக்கு வைக்கப்படாதுன்னு அத்தை..."

"ரெண்டு ஆழாக்கு வச்சு, என் பங்கையும் நீயே தின்னுக்கிட்டு இருந்தாத்தான் இது ஒத்தை ஆள் வீடாப் போகும்."

இதை அம்மாவின் படம் இருக்கும் பக்கமாகப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பிறகு வழக்கம்போல் பயந்தேன், ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

ஆவுடை உலையில் போட்ட அரிசியைக் கரண்டியால் வாரி எடுத்து ஒரு கிண்ணத்தில் வடித்தாள். ஈர அரிசியையே ஆழாக்கில் பாதி அளந்து போட்டாள். மறுபடி பாதி அளந்து போட்டாள்.

"ரெண்டு தடவை ஆச்சுல்லா" என்றாள்.

அரை அரையாக இரண்டு தடவை அளந்தால் அது இரண்டு ஆழாக்கு ஆகாது. முன்னாள் முத்திரை ஆய்வாளர் என்ற முறையில் நான் ஆட்சேபித்திருக்க வேண்டும். அந்த அளவைக்கு மனதுக்குள் முத்திரை வைத்தேன்.

மத்தியானம் முன்கூடத்துக்குப் போகவில்லை. சமையலறையிலேயே இரண்டு தட்டு. அவளை உட்காரச் சொன்னேன். உட்காரத் தெரியாமல் இரண்டு முறை எழுந்தாள். முதலில் அவரைக்காய், பிறகு பயறு, நான்தான் பரிமாறினேன். பிறகு சோறு, ஒரு கரண்டி.

"போதும்" என்றாள் ஆவுடை.

என் கை இன்னொரு கரண்டி எடுத்து அவள் தட்டுக்கு மேல் போய்விட்டது. யோசித்துச் செய்ததல்ல. கை தானாகப் போனது. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் கையைத் தட்டின் குறுக்கே நீட்டினாள்.

கரண்டியைப் பானையில் திரும்ப வைத்தேன்.

இரவு பானையைத் திறந்தேன். ஒரு பிடி சோறு இருந்தது. மிச்சம்: உண்டு. 60 கிராம். காலையில் காக்கைக்கு.

நாளையிலிருந்து இந்த நோட்டில் இரண்டு பத்தி. இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். முதல் பக்கத்துக்குப் போனேன். மிச்சத்தைப் பற்றிய ஐந்தாவது குறிப்பைத் திருத்தி எழுத வேண்டும், அது இருக்கட்டும். ஆவுடைக்கு இதில் தொந்தரவு இல்லை என்ற ஆறாவதை அடிக்கவில்லை. அடித்தால் நான் எழுதியது தெரியாமல் போய்விடும். அதன் பக்கத்தில், சிவப்பு மையில், சோதனையில் தேறாத தராசுக்கு எழுதுவதுபோல் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்: இந்தக் குறிப்பு தவறு.